குளிர் சட்டை செஞ்சவங்களுக்கு ஒரு திறந்த மடல்: குறை சட்டையப் போட்டவங்க கிட்ட இல்ல

உப்பளத்து ஆளுங்களுக்குன்னு உடம்புச் சூட்டக் குறைக்கிற சட்டை வடிவமைச்ச குழுவுக்கும், அதுக்குப் பணம் போட்ட கம்பெனிக்கும்,

உங்க அறிக்கை வாட்ஸப்ல சுத்திச் சுத்திக் கடைசியில என் கைக்கு வந்துட்டு. முடிவுரையில, சட்டையப் போட்டவங்களுக்கு விழிப்புணர்வு பத்தல, ஒத்துழைப்பு கம்மி, அதனால சோதனைய இத்தோட நிறுத்திக்கிடுதோம்னு எழுதியிருக்கீங்க. அந்த விழிப்புணர்வு பத்தாத ஆளுங்கள்ல எங்கம்மா ஒருத்தி, எங்க சித்தி ஒருத்தி. ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே தூத்துக்குடிப் பக்கம் அளத்துக்குப் போறவங்க, அது 1986-ல தனி மாவட்டமா பிரியுறதுக்கு முந்தி, திருநெல்வேலி ஜில்லாவா இருக்கும்போதே. நான் பாளையங்கோட்டையில மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. உங்க சட்டையில ஃபேன் நின்னு போனது, சார்ஜ் ஏறாதது எல்லாம் என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. போட்டவங்க சொன்னதும் எனக்குத் தெரியும், உள்ள பிரிச்சுப் பாத்ததும் எனக்குத் தெரியும், ரெண்டையும் வெச்சுத்தான் எழுதுதேன்.

நீங்க சரியா செஞ்சத மொதல்ல சொல்லிருதேன், இல்லேன்னா சும்மா குத்தம் பேசுதான்னு தள்ளி வெச்சிருவீங்க. ஐஸ் வெக்காம 28 டிகிரியில உருகுற ஜெல் பாக்கெட் வெச்சீங்கள்லா, அது நல்ல யோசனை. ஐஸ நேரா உடம்புல வெச்சா தோலுக்கு அடியில இருக்க ரத்தக் குழாய் சுருங்கிரும், உள்ள இருக்க சூடு வெளிய வர வழியில்லாம அங்கனயே நின்னுரும், 28-ல அந்தத் தொந்தரவு கம்மி. இடுப்புக்கு மேல ரெண்டு ஃபேன் வெச்சு காத்த உள்ள ஊதி கழுத்து வழியா வெளிய விடுததும் வேலை செய்யுற ஐடியாதான். ஜப்பான்ல சோனி கம்பெனியில இஞ்சினியரா இருந்த ஒருத்தர் 2004-ல கம்பெனி தொடங்கி அதத்தான் வித்தாரு, அங்க கட்டட வேலைக்காரங்க ரோடு போடுதவங்க எல்லாம் இன்னைக்கும் போட்டுக்கிட்டுத் திரியுதாங்க. அதனால உங்களுக்கு அறிவு இல்லன்னு நான் சொல்ல வரல, உங்க கணக்குல அளம் இல்லன்னுதான் சொல்லுதேன்.

அளத்துல வெயிலு மேல இருந்து மட்டும் அடிக்காது. கீழ பாத்தியில வெள்ளை வெளேர்னு உப்பு, அது அடிக்கிற ஒளி தாடைக்கு அடியில, கைக்கு அடியில, கண்ணுக்குள்ள ஏறும். ஆனா உங்க அறிக்கையில உள்ள வெப்பநிலை எல்லாம் போன்ல உள்ள வானிலை ஆப் காட்டுனது. ஆப் காட்டுறது நிழல்ல உள்ள காத்தோட சூடு. வேலை செய்யுற ஆளுக்கு எவ்வளவு ஆபத்துன்னு பாக்க வேற அளவு இருக்கு, உங்களுக்குத் தெரியாம இருக்காது: ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டருக்கு நூத்துக்கு 70, வெயில்ல வெச்ச கருப்பு உருண்டைக்கு 20, சாதா தெர்மாமீட்டருக்கு 10, மூணையும் சேத்து ஒரு எண்ணு, டபிள்யூபிஜிடின்னு சொல்லுதது. அமெரிக்காக்காரன் 1950-கள்ல பட்டாளத்துப் பசங்க பயிற்சியில சுருண்டு விழுததப் பாத்து உண்டாக்குன கணக்கு அது. அந்தக் கருப்பு உருண்டைய எங்க பாத்தி வரப்புல ஒரு தடவையாவது வெச்சீங்களா? அறிக்கையில தேடித் தேடிப் பாத்தேன், இல்ல.

இப்ப ஜெல் கணக்குக்கு வருவோம். உங்க பாக்கெட் எல்லாம் சேத்து 2 கிலோ. இந்த மாதிரி மெழுகு வகை ஜெல் ஒரு கிலோ உருக ஏறக்குறைய 200 கிலோஜூல் உறிஞ்சும், ஆக 400. குனிஞ்சு வாருபலகைய இழுக்குத, உப்பத் தலையில தூக்கி அம்பாரத்துக்குக் கொண்டு போய்த் தட்டுத ஒரு பொம்பள உடம்பு 300, 350 வாட் சூட்ட உண்டாக்கும். அப்படின்னா உங்க மொத்த ஜெல்லும் ஒரு சொட்டு வீணாகாம அந்த உடம்புக்கே போனாலும் இருவது நிமிஷத்துக் கணக்குதான். அதுலயும் ஒரு பங்க வெயிலு வெளிப்பக்கமா தின்னுரும். அதுக்கப்புறம் அது என்னது? உருகிப்போன 2 கிலோ மூட்ட, வேர்வை காயவிடாம நெஞ்சையும் முதுகையும் அடைச்சுக்கிட்டு இருக்கும். இதே 400 கிலோஜூல வெளிய அனுப்ப உடம்புக்கு எவ்வளவு வேர்வை வேணும்னு கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கிராம் காஞ்சா 2.4 கிலோஜூல் போவும், அப்ப 170 மில்லி, ஒரு டம்ளருக்கும் கம்மி. சொட்டிக் கீழ விழுந்தா பிரயோஜனம் இல்ல, தோல்லயே காயணும். ஒரு டம்ளர் வேர்வை செய்யுற வேலைக்கு 2 கிலோவ ஏற்கனவே சுமக்குதவ மேல கூடச் சுமத்துறது என்ன டிசைன்னு எங்கம்மா கேக்கல, நான் கேக்குதேன்.

அவ கேட்டது வேற. "ஏலே, இத ராத்திரி எங்கன வெச்சுக் குளிர வெக்க?"ன்னு கேட்டா. சித்திரை வைகாசியில எங்க ஊர்ல விடியக்காலத்துல கூட 28-க்குக் கீழ பெருசா இறங்காது, ஜெல் தானா முழுசா உறையாது, ஃப்ரிட்ஜ் வேணும், இல்லாட்டி ஐஸ் தண்ணி வேணும். விடியுறதுக்கு முந்தியே கிளம்புத ஆளு இத எந்த ஃப்ரிட்ஜ்ல வெச்சு எப்ப எடுக்க? அளத்துல கரண்டு இல்ல. நீங்க கொண்டு வந்த ஐஸ் பெட்டி நீங்க வந்த நாள்ல மட்டும் இருந்துச்சு. நீங்க வராத நாள்ல யாரும் போடலன்னு அறிக்கையில ஒரு கிராஃப் போட்டிருக்கீங்க, அதுக்குப் பேரு ஒத்துழைப்புக் குறைவாம்.

ஃபேன் விஷயம். அந்தச் சட்டை நிக்குத ஆம்பளைக்கு வெட்டுனது, எம், எல், எக்ஸ்எல். அளத்துல பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டுக்காரரோட முழுக்கைச் சட்டை ஒண்ணு போட்டிருப்பாங்க, தலையில துண்டு, அதுக்கு மேல சும்மாடு, துண்டோட முனைய கழுத்தச் சுத்தி முடிஞ்சிருப்பாங்க உப்புத் தண்ணி கழுத்துல வழியாம இருக்க. உங்க காத்து வெளிய போக வேண்டிய வழி அந்தக் கழுத்துதான், அது அடைச்சுக் கிடக்கு. போதாக்குறைக்கு உப்பு வாரக் குனிஞ்சா சட்டையோட கீழ்ப்பட்டி முன்பக்கம் தூக்கிக்கிட்டுக் காத்து அங்கனயே ஓடிரும். உள்ள போட்ட முழுக்கைச் சட்டையில படுத காத்து தோலுக்குப் போய்ச் சேரவே இல்ல.

என் டேபிள்ல பிரிச்சதச் சொல்லுதேன். ஃபேன் கம்பிவலைய எடுத்தா இறக்கையோட நடு அச்சுல சீனிக் கல்கண்டு ஒட்டுன மாதிரி உப்பு கட்டியிருந்துச்சு, விரலால தள்ளுனாத்தான் சுத்துது. டைப் சி சாக்கெட்ல பின்னு எல்லாம் பச்சை பூத்துப் போய், ரெண்டு பின்னு அரிச்சே போயிருந்துச்சு. பேட்டரி டப்பாவுக்கு ஒரு ரப்பர் வாஷர் கூட இல்ல, உள்ள லித்தியம் செல்லு, வெளிய உப்புத் தண்ணி. அது ஷார்ட் ஆனா என்ன ஆகும்னு ஊதிப்போன போன் பேட்டரி பாத்த யாருக்கும் தெரியும், அது நெஞ்சோட கட்டியிருக்க சாமான் வேற. டப்பாவ ஸ்க்ரூ போடாம பசை வெச்சு ஒட்டியிருந்தீங்க, அதனால நான் பிளேடு வெச்சு அறுத்துத்தான் திறக்க வேண்டியிருந்துச்சு, திறந்ததால வாரண்டி போச்சுன்னு உங்க ஆளு போன்ல சொன்னாரு. வெல்க்ரோ ஒரு வாரத்துல உப்பு அடைச்சு ஒட்டாமப் போச்சு, ரெண்டு அக்கா ஊக்கு குத்திப் போட்டிருந்தாங்க. ஊக்கு குத்திக்கிட்டாவது போட்டுப் பாத்த ஆளுக்குத்தான் விழிப்புணர்வு இல்லன்னு எழுதியிருக்கீங்க.

இன்னொண்ணு, காத்து. ஆனி ஆடியில மேக்க மலையத் தாண்டி வர்ற காத்து காஞ்ச காத்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடி எல்லாம் அதுலதான சுத்துது, அந்த மாசத்துல அளத்துல உங்க ஃபேனே வேண்டாம், ஒரு மெல்லிசுப் பருத்திச் சட்டையும் குடிக்கத் தண்ணியும் போதும், வேர்வை தானா காயும். சித்திரையில கடல் காத்து ஈரமா வரும்போதுதான் புழுக்கம் உசிர எடுக்கும், அப்ப ஃபேன் ஊதுனாலும் ஏற்கனவே ஈரமான காத்தத்தான் ஊதும், வேர்வை கொஞ்சந்தான் காயும், ஆனா ஃபேன் இல்லேன்னா அதுவும் காயாது. ஆக ஒரே சட்டைய வருஷம் பூரா போட முடியாது. இத எங்க சித்தி கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா காத்தோட பேரு, மாசம், திசை எல்லாம் சொல்லியிருப்பா. பயிற்சி வகுப்புன்னு ஒரு மணி நேரம் நீங்கதான் பேசுனீங்க, கேள்வின்னு ஒண்ணுகூட கேக்கல.

இதெல்லாம் கூட பொறுத்துக்கிடலாம், மொத மாடல்னா அப்படித்தான் இருக்கும். பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்கு. சட்டை வந்த ரெண்டாவது வாரம் கங்காணி சொன்னது: "குளுரு சட்ட போட்டாச்சுல்லா, இனி எதுக்கு பத்து மணிக்கு உக்காருதிய?" அதோட பத்து மணி இடைவேளை போச்சு. ஓலைக் கொட்டகை ஒண்ணு போட்டுத் தாங்கன்னு ஆளுங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அந்தப் பேச்சும் போச்சு. நீங்க நல்லது பண்ணணும்னு கொண்டு வந்த சாமான் இருந்த கொஞ்ச நிழலையும் பிடுங்கிட்டு. இது உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க, அந்த வாரம் உங்க ஆளு ஒருத்தர் அங்கனதான் கிளிப்போர்டு வெச்சுக்கிட்டு நின்னாரு, வேலை நேரம் கூடுனத அறிக்கையில "உற்பத்தித்திறன் உயர்வு"ன்னு ஒரு வரியில சந்தோஷமா வேற போட்டிருக்கீங்க.

தண்ணி விஷயமும் அதே மாதிரிதான். வேர்வைய நம்பி ஓடுற சட்டைன்னா போட்டிருக்க ஆளு தண்ணி குடிக்கணும். அளத்துல பொம்பளைங்க தண்ணி குடிக்க மாட்டாங்க, ஏன்னா ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டுன தூரம் மட்டும் வெட்டவெளி, ஒரு புதரு இல்ல. காலையில நீராகாரம் குடிச்சிட்டு வந்தா வேலை முடிஞ்சு வீடு போற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பாங்க. உப்பளத்து ஆளுங்களுக்கு இந்தச் சூட்டுல கிட்னி எப்படி இருக்குன்னு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சிக்காரங்களே வந்து பாத்து எழுதியிருக்காங்க. உங்க அறிக்கையில நாப்பது பக்கத்துக்கு மேல இருக்கு, கக்கூஸ்ங்கற சொல்லு ஒரு இடத்துல கூட வரல.

அடுத்த கட்டம்னு கழுத்துப் பட்டை ஒண்ணு போட்டிருக்கீங்க, பெல்டியர் சில்லு வெச்சது, டவுன்ல டெலிவரி ஓட்டுத பசங்களுக்கும் முக்கூடல் பக்கம் பீடி சுத்துத பொம்பளைங்களுக்கும். கரண்டு விட்டா ஒரு பக்கம் குளிரும் இன்னொரு பக்கம் சுடும், பெல்டியர்ங்கற பிரான்ஸ்காரர் 1834-ல கண்டுபிடிச்ச விஷயம். அந்தச் சுடுத பக்கத்துச் சூட்ட எங்கயாவது தள்ளணும், நம்மூரு மே மாசத்துல அது எங்க போவும்? கரண்டுக் கணக்கும் பாருங்க, 10,000 எம்ஏஎச் பவர் பேங்குன்னு விக்கிறது உள்ள 37 வாட் அவர்தான், நான் தினம் விக்கிற சாமான் எனக்குத் தெரியாதா. உழைக்கிற உடம்பு ஒரு மணி நேரத்துல 300 வாட் அவருக்கு மேல சூடு உண்டாக்குது. அப்ப கழுத்துப் பட்டை உடம்பக் குளிர வெக்காது, குளிர்ற மாதிரி உணர வெக்கும். ஏசி ஆபீஸ்ல இருந்து பார்க்கிங் வரைக்கும் நடக்கிறவருக்கு அது போதும், தப்பில்ல. ஆனா வெயில்ல வண்டி ஓட்டுத பையனுக்குக் கழுத்து ஜில்லுன்னு இருக்கும், உள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கும், நிறுத்துடான்னு உடம்பு சொல்லுதது காதுல விழாது. அது உதவி இல்ல, ஆபத்து.

பீடிக்கு வேணும்னா அந்தப் பட்டை ஒரு வகையில சரி வரும், இதயும் சொல்லிருதேன். முக்கூடல்ல எங்க மதினி வீட்டுல மின்விசிறி இருக்கும், ஆனா தூளும் இலையும் வெச்ச சுளவு மடியில இருக்கும்போது போட மாட்டாங்க, தூளு பறக்கும், இலை காஞ்சு உடையும். பகல் பூரா மூடுன ரூம்ல வேர்த்து ஒழுகிக்கிட்டு சுத்துவாங்க. காத்து ஊதாம குளுர்ற சாமான்னா அவங்களுக்குத்தான் முதல்ல வேணும். ஆனா உங்க பட்டையிலயும் சூட்டத் தள்ள ஒரு குட்டி ஃபேன் இருக்கு, படத்துல பாத்தேன், அது முன்பக்கமா கீழ ஊதுது. நேரா தூளுலதான் விழும். பின்பக்கமா மேல திருப்பி வைங்க, அதுக்கு முந்தி முக்கூடல்ல யாரு வீட்டுலயாவது ஒரு நாளு போய் உக்காருங்க.

1966-ல நாசாவோட ஜெமினி 9 விண்கலத்துல போன செர்னான்ங்கறவரு விண்வெளியில வெளிய வந்து வேலை பாக்கும்போது, காத்து ஊதிக் குளிர வெக்குத அந்தச் சட்டை தாங்கல, வேர்த்து ஊத்தி முகக் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு கண்ணு தெரியாமப் போச்சு. நாசாக்காரன் என்ன செஞ்சான்? விண்வெளி வீரருக்கு விழிப்புணர்வு பத்தலன்னு எழுதிட்டு மூடிட்டுப் போனானா? அப்பல்லோவுக்கு மெல்லிசுக் குழாயில தண்ணி ஓடுற உள்ளாடை செஞ்சான். சட்டை தோத்துப் போனா சட்டைய மாத்தணும். நமக்கு ஒண்ணும் இதெல்லாம் எட்டாத வித்தை இல்ல, மகேந்திரகிரியில இஸ்ரோக்காரங்க மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜன ஆவியாகாம வெச்சு ராக்கெட் எஞ்சின் எரிச்சுப் பாக்குதாங்க, எங்க திருநெல்வேலி ஜில்லாலதான்.

சட்டத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. ஃபேன் சட்டை பெருத்த அந்த ஜப்பான்லயே 2025 ஜூன்ல இருந்து, டபிள்யூபிஜிடி 28-ஐத் தொட்டா இல்ல காத்து 31 டிகிரியத் தொட்டா, அதுல தொடர்ந்து வேலை வாங்குத முதலாளி ஆளு சுருண்டு விழாம பாக்க, விழுந்தா என்ன செய்யன்னு ஏற்பாடு வெச்சே ஆகணும்னு சட்டம். கத்தார்ல 2021-ல இருந்து கோடை பூரா காலை பத்துல இருந்து சாயங்காலம் மூணரை வரைக்கும் வெளி வேலை கிடையாது, டபிள்யூபிஜிடி 32.1 தாண்டுனா எந்த நேரமானாலும் நிறுத்தணும். நம்ம ஊர்ப் பசங்க எத்தனையோ பேரு அங்கன கட்டட வேலையில இருக்காங்க, அவங்க வீடியோ கால்ல மத்தியானம் படுத்துக்கிட்டுப் பேசுதத எங்க வீட்டுலயே பாக்குதோம், அதே நேரத்துல அவங்க அம்மா இங்க அளத்துல நிக்கா. தமிழ்நாட்டுலயும் வெப்ப அலைய 2024-ல மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாச்சு. அப்ப சட்டைங்கறது நிழலு, தண்ணி, ஓய்வு எல்லாம் குடுத்ததுக்கு அப்புறம் வர்ற சாமான். அதுகளுக்குப் பதிலா வர்ற சாமான் இல்ல.

உங்க கிட்ட கேக்குதது இதுதான். அறிக்கையில இருந்து விழிப்புணர்வு, ஒத்துழைப்புங்கற அந்த ரெண்டு வரிய எடுத்துட்டு, சட்டை அளத்துக்கு ஏத்தாப்ல இல்லன்னு எழுதி திரும்ப வெளியிடுங்க. எந்த நாளு, எத்தனை மணிக்கு, எவ்வளவு சூடு, யாரு உடம்புல என்ன மாத்தம்னு நீங்க எடுத்த அளவு எல்லாத்தையும் பேரு இல்லாம தமிழ்ல போடுங்க, இதயத் துடிப்பு பாக்க கையில கட்டி விட்டீங்கள்லா, அந்தக் கணக்கு கங்காணி கைக்கோ முதலாளி கைக்கோ போகக் கூடாது, போயிருந்தா அதயும் சொல்லுங்க. வேலை நேரம் கூடுனத உற்பத்தித்திறன்னு போட்ட வரிய அடிங்க, பத்து மணி இடைவேளைய திரும்பக் குடுக்கச் சொல்லி அளத்துக்காரருக்கு உங்க லெட்டர்பேடுல எழுதுங்க, உங்க சட்டையக் காட்டித்தான் அது போச்சு. இனிமே எந்த அளத்துல சட்டை குடுத்தாலும் கொட்டகை, குடி தண்ணி, பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் மூணும் இருந்தாத்தான் குடுப்போம்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க.

சோதனைய மூடாதீங்க, திரும்பத் தொடங்குங்க. ஆனா இந்தத் தடவ வெட்டுறதுக்கு முந்தி போடுதவங்களக் கேட்டு வெட்டுங்க. சேலைக்கு மேல, குனிஞ்சா தூக்காம, கழுத்துல துண்டு கட்டுனாலும் காத்து போற மாதிரி. ஜெல்ல விட்டுட்டுத் தண்ணி தெளிச்சா காயுற துணிய ஆடி மாசத்துக்கு யோசிங்க, சித்திரைக்குத்தான் ஃபேன். பேட்டரிக்கு வாஷர் போட்ட டப்பா, பசைக்குப் பதிலா ஸ்க்ரூ, கடையில கிடைக்கிற 18650-ங்கற உருளை லித்தியம் செல்லு, நல்ல தண்ணியில அலசுனா கெடாத சாக்கெட்டு, ரிப்பேர் பாக்க ஊர்ப் பசங்க ரெண்டு பேருக்குப் பயிற்சி. ஐப்பசி கார்த்திகையில மழை தொடங்கினா அளத்துல வேலை இருக்காது, பொம்பளைங்க வீட்டுலதான் சும்மா இருப்பாங்க, அந்த மாசத்துல ஒரு நாள் கூலி என்னவோ அதக் குடுத்து அவங்களக் கூப்பிட்டு உக்கார வைங்க, அவங்க பேர அறிக்கையில வடிவமைச்சவங்க பட்டியல்ல போடுங்க. தைக்கு முந்தி தைச்சு முடிச்சா மாசி பங்குனியில போட்டுப் பாத்திரலாம். இடத்துக்கு என் கடை மாடி காலியாத்தான் கிடக்கு, தையல் மெஷினுக்கு நான் சொல்லி வெக்கேன், கருப்பு உருண்டை தெர்மாமீட்டர் மட்டும் நீங்க கொண்டு வாங்க.